மார்கழிப் பனியும் கீரைப் பாத்தியும்

மதுரையில் குளிர்காலமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நமக்கு 20 டிகிரிதான் குளிர். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப்போன ஈரமும் விடியற்காலைப் பனியும் சேர்ந்தால், கீரைப் பாத்தியில் தொல்லை ஆரம்பிக்க அது போதும்.

மருந்து தேடுவதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்கள். வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

இலைகள் நூலாம்படை போல ஒட்டிச் சுருண்டு, உள்ளே பச்சைப் புழு இருந்தால் அது இலை பிணைக்கும் புழு. அரைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை மூன்றையும் தின்னும். இலையின் அடியில் கூட்டமாகச் சின்னச் சின்னப் பூச்சிகள், தண்டில் எறும்பு ஊர்வலம் என்றால் அசுவினி. அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளம், மேலே மஞ்சள் புள்ளி என்றால் பூச்சியே இல்லை, வெள்ளைத் துரு நோய். இதற்கு வேப்பெண்ணெய் அடித்துப் பயனில்லை. அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தி, செடிகளைக் கலைத்துவிட்டு, காலையில் வேரில் மட்டும் தண்ணீர் விட வேண்டும். ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் நோய் பரவும்.

புழுவுக்கும் அசுவினிக்கும் கடை மருந்து ஏன் வேண்டாம் என்கிறேன்? சிறுகீரை விதைத்த 25 நாளில் குழம்புக்கு வந்துவிடும். கத்தரிக்காய் மாதிரி மருந்து படாத பாகம் என்று எதுவும் இல்லை. அடித்த இலையைத்தான் பிள்ளைகளுக்குக் கடைந்து கொடுக்கிறோம். மருந்தின் வீரியம் குறையக் காத்திருக்க நாளும் கிடையாது.

மாற்று, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் வழிதான். தோல் நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவையுங்கள். வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும் என்பதால்தான் சாயங்காலம். ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை மார்கழிக்குச் சரியான பதத்தில் இருக்கும்.

அடித்த மறுநாளே புழு செத்து விழாது. அசாடிராக்டின் புழு தோலுரிப்பதைக் கெடுக்கிறது, தீனியைக் குறைக்கிறது. ரெண்டு மூணு நாள் பொறுக்க வேண்டும். 1962-லேயே டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் என்ற விஞ்ஞானி, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார். இதே வேம்புக்கு 1994-ல் ஐரோப்பாவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததால் 2000-ல் ரத்தானது, 2005-ல் மேல்முறையீடும் தோற்றது.

ரெண்டு விஷயம் மறக்காதீர்கள். அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொத்தி வெயிலில் போடுங்கள். புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. வரப்பில் தானாக முளைத்த குப்பைக்கீரையையும் பிடுங்கிவிடுங்கள், அடுத்த தலைமுறை அங்கேதான் வளர்கிறது. பொறிவண்டு கண்ணில் பட்டால் மட்டும் விட்டுவிடுங்கள். அசுவினியைத் தின்ன அதற்குச் சம்பளம் தேவையில்லை.