தலைவருக்கு நாற்காலி எங்கே?

"அவருக்குத் தலைமைப் பண்பே கிடையாது. கூட்டத்தில் வாய் திறப்பதில்லை." பாபநாசம் தொடங்கி, தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் வரை, தலித் ஊராட்சித் தலைவர்களைப் பற்றி நாம் கேட்டுச் சலித்த பேச்சு இது. தூத்துக்குடி மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த தேர்தல் என்றதும் இதே பேச்சு மீண்டும் கிளம்பும். அதனால் இப்போதே சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

ஊராட்சி அலுவலகமும் ஒரு பணியிடம்தான். அங்கே தலைவர் இருக்கிறார், துணைத் தலைவர் இருக்கிறார், செயலர் இருக்கிறார். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பதிவேடுகள் செயலர் கையில். துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்து, கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்குகூட எரியாது. விளக்கு எரியாததற்கு ஊர் யாரைத் திட்டும்? தலைவரைத்தான். தலைமை என்பது ஒருவரின் பிறவிக் குணம் அல்ல. உடன் வேலை செய்வோர் அவரது சொல்லை ஏற்பதில்தான் அது உயிர் பெறுகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இல் ஒரு பெரிய நிறுவனத்தை ஆராய்ந்து எழுதினார். ஒரு கூட்டத்தில் தன் வகையைச் சேர்ந்தவர் தான் ஒருவரே என்று இருப்பவரை எல்லோர் கண்ணும் மொய்க்கும். அவர் செய்யும் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும் என்றார். நம் நாட்டுச் சான்றும் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி தெரியாதவரை எல்லாச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகவே செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொன்னபோது தலித் சிறுவர்களின் திறன் சரிந்தது. அறிவு அதேதான், மாறியது சூழல். பெயரோடு சாதியையும் சேர்த்தே பார்க்கும் அலுவலகத்தில் ஒருவர் பேசத் தயங்கினால், அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது?

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020இல் தலித் பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே பார்த்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் விசாரித்தபோது, 22 ஊராட்சிகளில் தலைவருக்கு நாற்காலியே இல்லை என்று தெரியவந்தது. தரையில் உட்கார வைத்துவிட்டு 'ஆளுமை இல்லை' என்பது எந்த நியாயம்?

வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நம் மண்ணின் வரலாறு. நக்கலமுத்தன்பட்டித் தலைவர் ஜக்கையன், தேர்தல் முடிந்த சில வாரங்களில், 2006 நவம்பரில் கொல்லப்பட்டார். தாழையூத்துத் தலைவர் கிருஷ்ணவேணி, பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முனைந்தார். மிரட்டல்கள் குறித்துப் புகாரும் கொடுத்தார். 2011 ஜூன் 13 இரவு ஆட்டோவில் வீடு திரும்பியவரை வெட்டிச் சாய்த்தார்கள். உயிர் பிழைத்தார். ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 நவம்பர் வரை, பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இதையெல்லாம் பார்த்த அக்கம்பக்கத்து ஊராட்சித் தலைவர் ஒருவர் மௌனம் காத்தால், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் ஒரு திருத்தம் வந்தது. ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ தம் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் அதன்படி தனிக் குற்றம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தேர்தல் முடிந்ததும் தலைவருக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது. துணைத் தலைவருக்கும் செயலருக்கும், தலித் தலைவரின் கீழ் வேலை செய்வது எப்படி என்ற பயிற்சி வேண்டும். பதவியேற்கும் நாளிலேயே நாற்காலி, பெயர்ப்பலகை, அலுவலகச் சாவி, பதிவேடுகள், காசோலைப் புத்தகம் ஆகியவை முறையாக ஒப்படைக்கப்பட்டனவா என்று வட்டார வளர்ச்சி அலுவலர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். காரணம் சொல்லாமல் கையெழுத்து மறுக்கப்பட்டால் ஆட்சியர் உடனே தலையிட வேண்டும்.

நாமும் ஓட்டுப் போட்டதோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. முதல் கிராம சபைக்குத் தெருவே திரண்டு போவோம். தனியாக நிற்கிறோம் என்ற எண்ணம் நம் தலைவருக்கு அன்றைக்கே போய்விட வேண்டும்.