கடுங்கோடையும் செந்நிற வைனும்

2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் முதல் இரு வாரங்களும் பிரான்ஸ் நாடு வெயிலில் வெந்தது. பல இடங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டியது. ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்தனர்; இவர்களில் பெரும்பாலானோர் முதியோர். முந்திரிகைத் தோட்டங்களும் தப்பவில்லை.

பேர்கண்டிப் பகுதியின் போன் நகரில் 1354ஆம் ஆண்டு முதலான அறுவடை நாட்களின் பதிவுகள் உள்ளன. 1987 வரை சராசரியாகச் செப்ரெம்பர் 28இல் தொடங்கிய அறுவடை, அதன் பின்னர் சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டது. 2003இலோ ஓகஸ்ட் மாதத்திலேயே பழம் பறிக்க வேண்டியதாயிற்று.

இனிப்புக் கூடினால் நல்லதுதானே?

அப்படித்தான் நாம் எண்ணுவோம். ஆனால் பழத்திலுள்ள சீனியையே மதுவம் மதுசாரமாக மாற்றுகிறது. சீனி கூடினால் வைனின் வெறியும் கூடும். வெப்பம் பழத்தின் புளிப்பைக் குறைத்துவிடும். புளிப்போ வைனுக்குச் சுவை தருவதுடன், அது பழுதாகாமலும் காக்கிறது. செந்நிறம் பழத்தோலிலிருந்து வருவது; அளவு மீறிய வெப்பத்தில் அதுவும் மங்கும். நீர் போதாதபோது கொடி தன் இலைவாய்களை மூடிக்கொள்ளும். பழம் வற்றிச் சீனி செறியும். தோலும் விதையும் முற்றியிரா. அவற்றின் கரடான துவர்ப்பு வைனிலும் இறங்கும்.

அவ்வாண்டு, வழமையாக அனுமதியில்லாத பகுதிகளிலும் வைனுக்கு அமிலம் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் விசேட அனுமதி வழங்கியது.

மண் செய்த உதவி

எல்லோருக்கும் ஒரே நட்டம் ஏற்படவில்லை. போர்டோவின் சென் எஸ்ரெப் பகுதியில் நீரைப் பிடித்து வைக்கும் களிமண் உண்டு. அங்கு விளைந்த செந்நிற வைன் பாராட்டைப் பெற்றது. பொமெரோல் பகுதியின் பரற்கல் நிலங்களில், முந்திப் பழுக்கும் மெர்லோ இனம் வாடியது. ஆழ வேரோடிய பழைய கொடிகள் இளங்கொடிகளிலும் நன்றாகத் தாக்குப்பிடித்தன. பழத்திற்கு வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளிய தோட்டங்களில் குலைகள் கருகின.

இனி என்ன?

இப்போது பலர் நிழலுக்காக இலைகளை விட்டுவைக்கின்றனர். குளிர்ச்சியான அதிகாலையில் பறிக்கின்றனர். 2021இல் போர்டோவில் நான்கு புதிய செந்நிற இனங்களுக்கு அனுமதி கிடைத்தது. போர்த்துக்கல்லின் தூரிகா நசியொனால் அவற்றில் ஒன்று. ஆனால் ஒரு தோட்டத்தின் நிலத்தில் 5 சதவீதத்திற்கு மேல் புதிய இனங்களை நட முடியாது. எனவே மாற்றம் மெதுவாகவே வரும். முந்திரிகைக் கொடி பல பத்தாண்டுகள் காய்ப்பது. இன்று எதை நடுவது என்று தீர்மானிக்கும் கமக்காரர், தம் பிள்ளைகள் காணப்போகும் கோடைகளையும் எண்ணிப் பார்த்தே தீரவேண்டும்.