நோகாத நெறி

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டை செல்லும் பாதையில் உள்ளது திரியாய். வயல்சூழ்ந்த இவ்வூரிலே காலில் முள் தைப்பதும் மண்வெட்டி படுவதும் புதுமையல்ல. மறுநாளே கவட்டில் நெறி கட்டும், தொட்டால் நோகும். புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். இவ்வனுபவத்தைக் கொண்டு, நோகும் நெறிக்கே அஞ்சவேண்டும், நோகாததைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நம்மவர் முடிவுகட்டிவிட்டனர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது.

நெறி கட்டும் இடங்களில் இருப்பவை நிணநீர்க் கணுக்கள். உடலிற் கசியும் நீரை மீண்டும் குருதியிற் சேர்க்கும் நுண்ணிய குழாய்களின் வழியிலே, கழுத்து, கமக்கட்டு, கவடு முதலிய இடங்களில் இவை காவற்சாவடிகள்போல் அமைந்துள்ளன. கிருமிகளோடு போராடும் வெண்கலங்கள் அங்கே பெருகும்போது கணு வீங்குகின்றது. அக்காவலரே கட்டுக்கடங்காது பெருகத் தொடங்கினால் அதுவே நிணநீர்ப் புற்று. வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோரின் வாயில் தோன்றும் புற்றும் கழுத்துக் கணுவுக்குப் பரவுவதுண்டு. அது வேறு நோய்.

நிணநீர்ப் புற்றைத் தெளிவாக எடுத்துரைத்தவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் ஹொட்ஜ்கின். 1832ஆம் ஆண்டில் ஏழு நோயாளரைப் பற்றி அவர் எழுதினார். யாவும் வெறுங்கண்ணாற் கண்டவையே. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் என்பார் இந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் நடந்ததுதான் வேடிக்கை. அவ்வேழுவரில் மூவருடைய உறுப்புத் துண்டுகள் அங்கே பேணி வைக்கப்பட்டிருந்தன. 1926இல் அவற்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, இருவருக்கே ஹொட்ஜ்கின் நோய் இருந்தது. மூன்றாமவருக்கு இருந்தது வேறுவகைப் புற்று! பெயர் தந்தவர் கண்ணுக்கே புலப்படாத வேறுபாடு, கழுத்தைத் தடவிப் பார்க்கும் நமக்கு எங்ஙனம் புலப்படும்?

ஹொட்ஜ்கின் நோயின் அடையாளம், இரு கருக்கொண்டு ஆந்தை விழிபோல் தோன்றும் ஒரு பெருங்கலம். இருபது முப்பது வயதினரையும் இது பற்றும். ஆயினும் இன்று மருந்தினாலும் கதிர்வீச்சினாலும் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மற்றவற்றை 'ஹொட்ஜ்கின் அல்லாதவை' என ஒரே பெயரில் அடக்குவர். அவை அறுபதுக்கு மேற்பட்ட வகையின. பெரும்பாலும் 'பி' எனப்படும் கலங்களிலும், சில 'டி' கலங்களிலும் தோன்றுவன. சில ஆமைபோல் ஆண்டுக்கணக்கில் நகரும். மருந்து கொடாது கவனித்திருந்தாலே போதுமென வைத்தியர் சொல்வதுமுண்டு. சில வாரக்கணக்கிற் பெருகும். 1958இல் டெனிஸ் பேர்கிற், உகண்டாப் பிள்ளைகளின் தாடையிற் கண்டு எழுதியது அத்தகையது. விந்தை யாதெனில், விரைந்து பெருகுவன பலவற்றை மருந்தால் முற்றாக அழித்துவிடலாம்; மெல்ல நகர்வனவோ அடங்கி அடங்கி மீண்டும் தலைகாட்டும்.

ஆகவே எவ்வகை என அறியாமல் வைத்தியம் இல்லை. கணுவை வெட்டியெடுத்துச் சோதித்தாலன்றி வகையை அறியவும் இயலாது. கழுத்துக் கணுக்கள் மாலைபோல் வீங்கும் கண்டமாலை பெரும்பாலும் காசநோயால் வருவது; அதனையும் புற்றையும் பிரித்தறிவதும் இச்சோதனையே. இங்கேதான் நம்மவர் பின்வாங்குகின்றனர். "கத்தி பட்டாற் பரவும்" என்பர். எமது உறவினர் ஒருவர் இதனை நம்பி, கழுத்தில் கோழிமுட்டையளவு கணுவோடு எட்டு மாதம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். இரவிற் பாய் நனைய வியர்த்தது, காய்ச்சல் வந்து வந்து போயிற்று, உடல் மெலிந்தது. முடிவில் அவர் வெட்டுக்கு உடன்பட்டபோது நோய் வயிற்றுக் கணுக்களிலும் இருந்தது. அதுவரை கத்தி அவர்மேற் பட்டதேயில்லை.

மகரகமையிலும், 2013இல் திறக்கப்பட்ட தெல்லிப்பழையிலும் அரச புற்றுநோய் வைத்தியசாலைகள் உள. சிகிச்சைக்குக் கட்டணமில்லை. திரியாயிலிருந்து அத்தனை தூரம் முதல்நாளே செல்லவேண்டுவதுமில்லை. நோகாத கணு மூன்று வாரத்திற்கு மேல் வற்றாதிருப்பின் திருகோணமலைப் பொது வைத்தியசாலையிற் காட்டுக. வேண்டுமாயின் அங்கிருந்து அனுப்புவர்.