என்பு வைத்தியரின் வதிவிடப் பயிற்சி

முறிந்த தொடையென்பைப் பொருத்தும் கை ஒரு நாளிற் பழகுவதன்று. ஐக்கிய அமெரிக்காவிலே, நான்காண்டு மருத்துவக் கல்லூரிப் படிப்பை முடித்தவர், என்புச் சத்திரவைத்தியராவதற்கு மேலும் ஐந்தாண்டுகள் வைத்தியசாலையிற் பயில வேண்டும். இதனை வதிவிடப் பயிற்சி என்பர். 1889இல் பால்ற்றிமோர் நகரிலே திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வில்லியம் ஹால்ஸ்ரெட் என்பார் சத்திரவைத்தியம் பயில்வோரை அங்கேயே குடியிருத்திப் பழக்கினார். பெயருக்கேற்ற வாழ்க்கைதான்!

முதலாண்டிற் காயங் கழுவுதலும் பிளாஸ்ரர்க் கட்டிடுதலும். கத்தி கைக்கு வருவது படிப்படியாகவே. அப்போதும் ஆசிரியர் எதிரே நிற்பார். திருகாணி பூட்டுவதற்கு என்பைத் துளைக்கிறார்கள், நேயர்களே. தச்சரின் துறப்பணம் போன்ற அக்கருவி, என்பின் அப்புற ஓட்டைக் கடந்த கணமே நின்றுவிட வேண்டும். சற்றே அமிழ்ந்தாலும் அப்பாலுள்ள குருதிக்குழாயோ நரம்போ சேதமுறலாம். அக்கணத்தை நூல் உணர்த்தாது. விரல்தான் உணர வேண்டும்.

உறக்கமிழந்த விரல் அதனை உணருமா? 2003இல் அந்நாட்டில் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்று வேலைநேரம் வரையறுக்கப்பட்டது. அதுவும் நான்கு வாரச் சராசரியே. பழக்கம் குன்றுமென மூத்தோர் சிலர் குறைகூறினர். அது வீண் பேச்சன்று. ஆயினும் மேசையிற் கிடக்கும் நோயாளி அவர்கள் பக்கம் பேசுவாரென நான் நினைக்கவில்லை. ஐந்தாண்டின் பின்னரும் பலர், கை, முள்ளந்தண்டு என ஒன்றைத் தெரிந்து இன்னுமோராண்டு பயில்கின்றனர்.