பொம்பரிப்புத் தாழிகள்: வடமேல் கரையில் வாழ்ந்தவர்கள் யார்?

கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் என்று கடற்கரையை ஒட்டியே வடக்கே போனால் புத்தளம் வரும். அதற்கும் அப்பால், கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்துக் காடு. யானையும் சிறுத்தையும் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர், அந்தக் காட்டுக்குள் இலங்கையின் மிகப் பெரிய ஆதி இடுகாடுகளில் ஒன்று கிடப்பதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். அந்த இடத்தின் பெயர் பொம்பரிப்பு.

1924இல் தொல்லியல் ஆணையாளர் ஹோகார்ட் இங்கே முதலில் தோண்டினார். 1950களில் தேசிய நூதனசாலையின் பணிப்பாளர் பி. இ. பி. தெரணியகல மீண்டும் தோண்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் விமலா பெக்லி தலைமையிலான குழு வந்தது. இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெரிய மண்பானைகளே தாழிகள். இந்த இடுகாட்டில் அவை ஏறத்தாழ 8,000 இருக்கக்கூடும் என்பது பெக்லியின் மதிப்பீடு. தோண்டிப் பார்த்தது அதில் சிறு பகுதியே.

தாழிக்குள் முழு உடலைத் தேடினால் ஏமாற்றந்தான். இறந்தவரின் உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, தசை அழிந்த பிறகு மண்டையோட்டையும் பெரிய எலும்புகளையும் பொறுக்கி எடுத்துத் தாழியில் இட்டிருக்கிறார்கள். சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் உண்டு. பக்கத்தில் சின்னச் சட்டிகளும் கிண்ணங்களும் வைத்து, தாழியை மூடிக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். மரணச் சடங்கு ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. எலும்பை எடுக்கும் நாள்வரை காத்திருந்து, அதற்கென்று உறவு மறுபடி கூடியிருக்க வேண்டும்.

அந்தச் சட்டிகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். உள்ளே கரிய நிறம், வெளியே சிவப்பு, வாய் விளிம்பை ஒட்டி மறுபடி கறுப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறத்துக்குக் காற்றுக் கிடைக்காமல் கறுத்தது. காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. இந்தக் கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் தென்னிந்தியாவின் பெருங்கற்காலத் தலங்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி வெளிப்படுத்திய முதுமக்கள் தாழிகளுக்கும் பொம்பரிப்புத் தாழிகளுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதல்ல. இடையில் இருந்தது ஒரு சிறு கடல். முத்துக் குளித்தவர்களுக்கும் மீன் பிடித்தவர்களுக்கும் அது பழகிய வழி.

பெருங்கற்காலம் என்ற பெயரே பெரிய கற்களால் அமைத்த ஈமச்சின்னங்களிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் மலைச்சரிவுகளிலும் பாறை நிலங்களிலும் கற்குவை, கல்வட்டம், கற்பதுக்கை என்று அவற்றின் பல வடிவங்களைக் காணலாம். பொம்பரிப்பில் ஏன் கல் இல்லை? அது ஆற்று வண்டல் படிந்த கரையோர நிலம். பலகைக் கல் கிடைக்காது. களிமண்ணோ தாராளம். உள்நாட்டில் தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில் கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி போலப் பதுக்கை அமைத்தார்கள். அவற்றின் காலம் கி.மு. 700 முதல் 400 வரை எனக் கரிமக் கணிப்புக் காட்டுகிறது. வடிவம் மாறியதை வைத்து மக்களும் வேறு என்று சொல்லிவிட முடியாது.

கரையோரக் குடியிருப்பு பொம்பரிப்போடு முடியவில்லை. வடக்கே மாந்தை, யாழ்ப்பாணத்தில் கந்தரோடை, ஆனைக்கோட்டை. ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி உள்ளிட்டோர் தோண்டியபோது, தாழியில் இடாமல் நீட்டிக் கிடத்திப் புதைத்த எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்றின் அருகே ஒரு சிறு முத்திரை. மேல் வரியில் பானைகளில் கீறப்படுவது போன்ற குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்துகள். அந்த எழுத்துகளை இந்திரபாலா ‘கோவேத’ என்று வாசித்தார். வேறு வாசிப்புகளும் உண்டு. பானையில் கீறிய குறியிலிருந்து எழுத்துக்கு ஒரு சமூகம் நகர்ந்த கட்டம், விரல் நுனியளவு பொருளில் பதிந்திருக்கிறது.

இனி, எல்லாரும் கேட்கும் கேள்வி: இவர்கள் தமிழரா, சிங்களவரா? எலும்பும் பானையும் மொழி பேசுவதில்லை. இரும்பு, நெல், குதிரை ஆகியவற்றோடு கூடிய வாழ்க்கை அநுராதபுரத்தில் கி.மு. 900 அளவிலேயே தொடங்கிவிட்டதைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகலவின் அகழ்வாய்வு காட்டியது. சிங்களவரின் முன்னோனாகச் சொல்லப்படும் விஜயன் வந்திறங்கியதாகப் பாலி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் காலத்துக்கு அது பல தலைமுறை முந்தியது. தமிழர், சிங்களவர் ஆகிய இரு சமூகத்தாருக்கும் இந்த ஆதி இரும்புக்கால மக்களே பொது முன்னோர் என்பது இந்திரபாலா தம் நூலில் விரிவாக நிறுவும் கருத்து. ‘இலங்கையில் தமிழர்’ என்ற பெயரில் அந்நூல் தமிழிலும் வந்திருக்கிறது. சான்றுகளோடு நேர்மையாகப் பொருந்தும் வாசிப்பு இந்தப் பொது முன்னோர் கருத்துத்தான். தாழிகளை ஒரு தரப்பின் உறுதிப்பத்திரமாக்கத் துடிப்பவர்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், இந்த மக்கள் எப்படி உழுதார்கள், எங்கே குடியிருந்தார்கள், கடலுக்கு எதைக் கொண்டு போனார்கள் என்ற சுவையான கேள்விகளைத் தவறவிடுகிறார்கள்.

கடல்வழித் தொடர்பு பற்றிய கேள்விக்கு இப்பன்கட்டுவவிலேயே ஒரு தடயம் இருக்கிறது. பதுக்கைகளில் கிடைத்த மணிகளில் சில, இலங்கையில் இயற்கையாகக் கிடைக்காத கல்லால் ஆனவை, இந்தியாவிலிருந்து வந்தவை. நாட்டின் நடுவிலுள்ள ஒரு கிராமத்து இடுகாட்டுக்கு அவை எந்தத் துறைமுகம் வழியாக வந்தன? வெள்ளவத்தையிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குப் போகிறவர்கள் சற்று விலகி அங்கே இறங்கிப் பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்க இப்போது திறந்திருக்கும் அந்த இடத்தில், பதுக்கைகளைக் கட்டிய பலகைக் கற்கள் அவை நிறுத்தப்பட்ட நிலத்திலேயே நிற்கின்றன.