வாங்கிய விலையும் இன்றைய விலையும்

ஐதராபாத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ், மென்பொருள் துறையில் நாட்டின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு கூறு. 2008ஆம் ஆண்டில் சத்யம் பங்கு ஒன்றின் விலை 544 ரூபாய் வரை உயர்ந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று, மேட்டாஸ் என்னும் பெயர் கொண்ட இரு நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. அவை தலைவர் இராமலிங்க ராஜுவின் குடும்பத்தாரோடு தொடர்புடையவை. (சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் மேட்டாஸ் என வரும்!) முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்தனர், சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மறுநாள் பங்கின் விலை ஏறத்தாழ 30 விழுக்காடு சரிந்து 158 ரூபாய் அளவில் நின்றது.

400 ரூபாய்க்கு வாங்கிய ஒருவர் அன்று என்ன செய்திருப்பார்? ‘போட்ட பணம் திரும்பட்டும், பிறகு விற்கலாம்’ என்று காத்திருப்பதே மனித இயல்பு. ஆனால் அவர் வாங்கிய விலை சந்தைக்குத் தெரியாது. 158 ரூபாய் மீண்டும் 400 ஆக வேண்டுமெனில் இரண்டரை மடங்கு உயர வேண்டும். ‘இன்று கையில் 158 ரூபாய் இருந்தால் இதே பங்கை வாங்குவேனா?’ என்பதே அவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. தலைமையின் நேர்மையை நம்பி வாங்கிய பங்கில் அந்நேர்மையே ஐயத்துக்கு உள்ளான பின்பு, வைத்திருக்கக் காரணம் ஏது? வெளியேற மூன்று வார அவகாசமும் இருந்தது.

2009 ஜனவரி 7 அன்று ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கேட்டில் காட்டிய ரொக்க இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என ஒப்புக்கொண்டார். தொடக்கத்தில் சிறிதாயிருந்த குறையை மறைக்கப்போய், அது ஆண்டுதோறும் பெருகியதாம். புலி மீது ஏறியவன் இறங்க வழியறியாத நிலை என்று அவரே எழுதினார். இழப்பை உரிய வேளையில் ஏற்க மறுத்தவர்களுள் அவரும் ஒருவர். ஒரே நாளில் 179 ரூபாய்ப் பங்கு 40 ரூபாயானது. பின்னர் 12 ரூபாய்க்கும் கீழே சென்றது.

அந்த அடிமட்ட விலையில் பதறி விற்றவர்களுக்கும் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் டெக் மகிந்திரா நிறுவனம், பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் விலையில் சத்யத்தை ஏற்க முன்வந்தது. 2013இல் இரு நிறுவனங்களும் இணைந்தபோது, பழைய பங்குகள் 17 வைத்திருந்தவருக்கு டெக் மகிந்திராவின் பங்குகள் 2 கிடைத்தன.