தைராய்டுச் சுரப்பியும் மனக் கூர்மையும்

படித்த பத்தியையே மீண்டும் படிக்க நேருகிறது. ஒருமுறை கூட்டிய தொகை மறுமுறை வேறாக வருகிறது. எதிரில் இருப்பவர் கூறியது செவியில் விழுந்தும் கருத்தில் பதிவதில்லை. இந்நிலையில் உள்ள அலுவலரைச் சோம்பேறி என்றும், மாணவனை மந்தபுத்தியுடையவன் என்றும் கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுமுன், குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ள ஒரு சிறு சுரப்பியையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

தைராய்டு எனப்படும் இச்சுரப்பியின் எடை, வளர்ந்தவர்களிடம் சுமார் 20 கிராம். நாளமில்லாச் சுரப்பிகளுள் ஒன்றாதலால், தான் சுரப்பதை நேராகக் குருதியில் சேர்த்துவிடுகிறது. இவ்வகைப் பொருள்களுக்கு 1905-இல் ஆங்கில உடலியல் அறிஞர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்று பெயரிட்டார். தூண்டி இயக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் ‘இயக்குநீர்’ என்றும் வழங்குகிறோம். மூலத்தின் பொருளை அச்சொல் நன்றாகவே தாங்கி நிற்கிறது.

தைராய்டு சுரக்கும் தைராக்சின், உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகத் தொழிற்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. மூளையும் இதற்கு விலக்கன்று. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவரிடம் 46 வயதுடைய பெண்மணி ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். அவருடைய முகம் வீங்கியிருந்தது, பேச்சு தளர்ந்திருந்தது, எதையும் சிந்திக்கவும் செய்யவும் முன்னிலும் நெடுநேரம் பிடித்தது. செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை மர்ரே அவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில திங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சு விரைவு பெற்றது, மனமும் சுறுசுறுப்படைந்தது. பின்னர் 28 ஆண்டுகள் வாழ்ந்து 74-ஆம் வயதில் அவர் காலமானார். மந்தம் என்று பிறர் கருதக்கூடிய ஒன்று குணக்கேடன்று, ஒரு பொருளின் குறைவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தைராக்சின் அளவுக்கு மிஞ்சினாலும் கவனம் கெடும். இதயம் படபடக்கும், விரல்கள் நடுங்கும், உறக்கம் குறையும், எண்ணம் ஒன்றில் நில்லாது தாவும்.

தைராக்சினை ஆக்குவதற்கு அயோடின் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். எனினும் அந்த அணுவளவும் இமயமலை அடிவாரத்து மண்ணில் இல்லை. பனியாறுகளும் மழையும் வெள்ளமும் அதனை ஊழிக்காலமாக அரித்துக் கடலிற் சேர்த்துவிட்டன. அம்மண்ணில் விளையும் தானியத்திலும் அயோடின் இராது. 1956-இல் காங்கடா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டில் அயோடின் கலந்த உப்பும், ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் முதல் இரு பகுதிகளில் முன்கழுத்துக் கழலை பெரிதும் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது.

அந்த ஆய்வு கணக்கிட்டது கழலையையே. ஆயினும், அயோடின் குறைவின் பெருந்தீங்கு கழுத்தில் தெரிவதன்று. கருவுற்ற தாய்க்கு அது கிட்டாவிடில் சிசுவின் மூளை வளர்ச்சியே குன்றுகிறது. வகுப்பில் பாடம் ஏறாமல் தண்டனை பெற்ற மலைநாட்டுச் சிறுவர் எத்தனை பேரோ! 1992-இல் இத்திட்டத்தின் பெயரிலிருந்து ‘கழலை’ நீங்கி ‘அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்’ என்ற தொடர் இடம்பெற்றதன் காரணமும் இதுவே.

அயோடின் போதிய அளவு உண்போருக்கும் தைராய்டு சோர்வதுண்டு. உடலின் தற்காப்பாற்றலே அச்சுரப்பியைத் தாக்குவது இதற்கு முக்கியக் காரணம். பெண்களிடையே இது மிகுதி. கவனக்குறைவுடன் குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, காரணமற்ற எடையேற்றம் ஆகியவையும் சேர்ந்து காணப்பட்டால் குருதிச் சோதனை செய்துகொள்வது தக்கது. குறைவு உறுதிப்படின் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். முழுப் பயன் தெரியச் சில வாரங்களாகும். கவனம் சிதறுவோர் அனைவருக்கும் தைராய்டுக் கோளாறு இருப்பதாகக் கருதலாகாது. உறக்கமின்மையும் இரத்தசோகையும் மனக்கவலையும் இதே தோற்றத்தைத் தரும். தேவையின்றித் தைராக்சின் உண்பது இதயத்துக்கும் எலும்புக்கும் ஊறு செய்யும்.

பிறவியிலேயே தைராய்டு செயற்படாத குழந்தைகளின் நிலைதான் காலதாமதத்தைப் பொறுக்காதது. முதல் இரு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் அவர்கள் ஏனைய குழந்தைகளைப் போலவே கற்று வளர்வர். மாதங்கள் கடந்துவிட்டால் இழந்ததை முற்றும் மீட்க இயலாது. பிறந்த சில நாள்களுக்குள் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியே கோளாற்றைக் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டின் எல்லா மருத்துவமனைகளிலும் இச்சோதனை இன்னும் வழக்கமாகவில்லையாதலின், பெற்றோரே கேட்டுச் செய்வித்துக்கொள்ள வேண்டும்.